டாசியின் மண்டையோட்டிலிருந்து எம்.ஆர்.ஐ. திரை வரை: தென்னாப்பிரிக்கக் காட்டு விலங்குகளின் மூளையை ஆராயப் புதிதாக வருபவர்களுக்கு

டர்பனில் பிப்ரவரி மாத வெயிலில், சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் வெர்வெட் குரங்கு ஒன்றின் மூளை, காலையில் உறுதியாக இருந்தாலும் மாலைக்குள் உடைந்த தயிரைப்போலக் குழையத் தொடங்கிவிடும். தோலும் முடியும் அப்படியே இருக்கும். முகத்தைப் பார்த்தால் உறங்குவதுபோலக்கூடத் தோன்றும். ஆனால் திசுக்களில் உள்ள நொதிகள், இரத்த ஓட்டம் நின்ற சிறிது நேரத்திலேயே தங்கள் சிதைப்பு வேலையைத் தொடங்கிவிடுவதால், அந்த மூளையைப் பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கருவிக்குள் வைத்தாலும், குழைந்துபோன ஒரு மூளையின் துல்லியமான படமே நமக்குக் கிடைக்கும். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் நாளே "ஸ்கேனர் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "பனிக்கட்டி எங்கே இருக்கிறது?" என்று கேட்பவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்து, பிரிட்டோரியாவுக்கு அருகில் லாடியத்தில் குடியிருந்துகொண்டு, விலங்கு உடற்கூற்றியல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். மூளைப் படமெடுப்புப் பற்றி ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் கையேடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஒரு பிள்ளை, தான் செய்யும் வேலையைத் தன் ஆயாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. கீழே உள்ளவை நான் புதியவர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுத்து வந்தவை. சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

உள்ளே வரும் வழி

விலங்கு மருத்துவர் பட்டத்தை இந்நாட்டில் வழங்கும் ஒரே இடம், பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டிபூர்ட் வளாகம். ஆர்னல்ட் தைலர் அங்கே 1908-இல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1920-இல் விலங்கு மருத்துவப் பிரிவு தொடங்கியது. ஆறாண்டுப் படிப்பு, குறைந்த இடங்கள், கடும் போட்டி. ஆனால் விலங்குகளின் மூளையை ஆராய விலங்கு மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பள்ளியிலோ, குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலோ உடற்கூற்றியலில் அறிவியல் பட்டம் பெற்றும் இந்த வேலைக்கு வரலாம். வெஸ்ட்வில் வளாகத்தின் முன்னோடியான இந்தியர் கல்லூரி 1961-இல் சாலிஸ்பரித் தீவில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் படகேறிப்போய் அங்கே படித்த கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விட்வாட்டர்ஸ்ராண்டுக்கோ இந்தத் துறையில் நீண்ட பரம்பரை உண்டு: அங்கே உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட் 1924-இல் டாங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு புதைபடிவச் சிறுமண்டையைப் பார்த்தபோது, அவரை முதலில் கவர்ந்தது அதன் முகமன்று, மூளை இருந்த இடத்தில் கல் நிரம்பி, மூளையின் வடிவமே கல்லாக நின்றதுதான் அவர் கண்ணைப் பிடித்தது. ஒருவகையில் நாம் இன்று கணினியில் செய்வதை அந்தச் சுண்ணாம்பு இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே செய்து வைத்திருந்தது.

கேள்வி முதலில், விலங்கு பிறகு

"சிங்கத்தின் மூளையைப் பார்க்க வேண்டும்" என்பது ஆசையே தவிர ஆய்வுக் கேள்வி ஆகாது. மூளையின் எந்தப் பகுதியை, எந்த விலங்கோடு ஒப்பிட்டு, எதை அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிற வரை, எந்த அனுமதி விண்ணப்பத்தையும் தொடாதீர்கள். "நிலத்தடியில் பார்வையின்றி வாழும் வளை எலிக்கும், வெளிச்சத்தில் மேயும் புல்வெளி எலிக்கும் முகர்குமிழின் (மணத்தை உணரும் மூளைப்பகுதியின்) அளவு எவ்வாறு வேறுபடுகிறது?" என்பது கேள்வி. இதற்கு எத்தனை மூளை வேண்டும், எந்தப் படமுறை வேண்டும், திசுவை மெல்லிய துண்டுகளாக அறுக்க வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்தே தானாக வந்துவிடும்.

விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, புதியவர்கள் பெரியதையும் அரியதையும் நோக்கியே ஓடுகிறார்கள். என் அறிவுரை அதற்கு நேர் எதிரானது: டாசியில் தொடங்குங்கள். பாறைகளில் வெயில் காயும் இந்தச் சிறு விலங்கு, முயலைப்போலத் தோன்றினாலும் யானைக்கும் கடற்பசுவுக்கும் நெருங்கிய உறவினம். ஆர்ட்வார்க், பொன் அகழெலி, யானைமூஞ்சூறு ஆகியவையும் அதே ஆப்பிரிக்கக் குடும்பத்தின் கிளைகளே. எனவே டாசியின் மூளையை நன்றாகக் கற்றவர் யானையின் மூளைக்குள் செல்லும்போது அறிமுகமான வீட்டுக்குள் நுழைவதைப்போல உணர்வார். அடுத்து இம்பாலா. பண்ணைகளில் எண்ணிக்கையைக் குறைக்க ஆண்டுதோறும் சுடப்படுவதால், புதிய தலைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு சிக்கல்: இறைச்சி கெடாமலிருக்க வேட்டைக்காரர்கள் தலையில்தான் சுடுவார்கள். பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, உங்களுக்கு வேண்டிய விலங்குகளை மட்டும் நெஞ்சில் சுடும்படி கேட்டுக்கொள்ளாவிட்டால், பக்கி வண்டியில் பனிப்பெட்டியோடு முந்நூறு கிலோமீட்டர் போய் உடைந்த மண்டைகளோடு திரும்பி வருவீர்கள். நானும் வந்திருக்கிறேன்.

யானையின் மூளையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கரை முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ள அந்த மூளையில் ஏறத்தாழ 25,700 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2014-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மனித மூளையில் உள்ளவை சுமார் 8,600 கோடி. ஆனால் யானையின் அந்த எண்ணிக்கையில் நூற்றுக்கு 97.5 பங்கு சிறுமூளையில்தான் இருக்கிறது. பெருமூளையின் மேலடுக்கான புறணியில் இருப்பவை ஏறத்தாழ 560 கோடி மட்டுமே. மனிதப் புறணியிலோ சுமார் 1,600 கோடி. மூளையின் எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ. படம் இந்த எண்ணிக்கையைத் தராது என்பதையும் கவனியுங்கள். அது பருமனையும் வடிவத்தையும் நரம்பு நார்ப்பாதைகளின் போக்கையும் தரும். அணுக்களை எண்ண வேண்டுமானால் திசுவைத் தொட்டே ஆக வேண்டும்.

தாள் வேலை

சாலையில் செத்துக் கிடக்கும் விலங்கை எடுத்துச் செல்ல யார் தடுக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். காட்டு விலங்கின் உடல், அதன் தலை, ஏன் தோல் துண்டுகூட, மாகாண இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களின் கீழ் வருகிறது. குவாசூலு-நட்டாலில் எசெம்வெலோ அமைப்பிடமும், தேசியப் பூங்காக்களில் சான்பார்க்ஸிடமும், பிற மாகாணங்களில் அந்தந்த அலுவலகத்திடமும் கேட்க வேண்டும். 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ், அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களுக்குத் தனி அனுமதி தேவை. நாட்டை விட்டு மாதிரி போகிறது என்றால், அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை வந்து நிற்கும். விலங்கு நோய்ச் சட்டம் 1984-இன் 20-ஆம் பிரிவு அனுமதி பல ஆய்வுகளுக்குத் தேவைப்படும். உங்கள் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழு, எஸ்.ஏ.என்.எஸ். 10386 என்ற தேசியத் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும். ஏற்கெனவே இறந்த விலங்கைத்தான் பயன்படுத்துகிறேன் என்றாலும் அதை எழுத்தில் தெரிவித்து அவர்கள் ஒப்புதலைப் பெற வேண்டும்.

அதிகாரிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்நாட்டில் பிணந்தின்னிக் கழுகின் மூளை, எதிர்காலத்தைக் காட்டும் என்ற நம்பிக்கையில், முத்தி எனப்படும் பாரம்பரிய மருந்துக்காக விற்கப்படுகிறது. அதற்காகவே கழுகுகளுக்கு நஞ்சு வைக்கப்படுகிறது. தலை இல்லாத கழுகுகளைப் பார்த்துப் பழகிய ஒரு காவலர், உங்கள் வண்டியின் பெட்டியில் விலங்குத் தலைகளைக் கண்டால் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அனுமதித் தாளின் மூலப் பிரதி எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். கைப்பேசியிலுள்ள படம் போதாது. காண்டாமிருகத்தின் தலையை மட்டும், உங்கள் பக்கத்தில் அனுபவமுள்ள ஆளும் சட்டப்படி முழு ஏற்பாடும் இல்லாமல் ஒருபோதும் தொட வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள்.

வெறிநோய் மூளையில் வாழும் நோய். கருமுதுகு நரி, வௌவால்காது நரி, மஞ்சள் கீரி ஆகியவை தென்னாப்பிரிக்காவில் இந்நோயைத் தங்களுக்குள் தொடர்ந்து சுழலவிடும் விலங்குகள். குவாசூலு-நட்டாலில் நாய்களிடமும் அது நீண்ட காலமாக இருந்துவருகிறது. மண்டையைத் திறக்கும் எவரும், திறப்பதற்கு முன்பே, நோய் வருமுன் போடும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். "நாளை போட்டுக்கொள்கிறேன்" என்ற எவரையும் நான் என் மேசை அருகே நிற்க விட்டதில்லை. பகலில் அச்சமின்றி மனிதரை நெருங்கியது, காரணமின்றிக் கடித்தது, தள்ளாடியது என்று யாராவது சொன்ன விலங்கு உங்கள் ஆய்வுக்கானதன்று. அரசு விலங்கு மருத்துவரை அழைத்து ஒப்படைத்துவிடுங்கள். குவாசூலு-நட்டாலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஆலர்ட்டன் ஆய்வகமும், வடக்கே ஒண்டர்ஸ்டிபூர்ட்டும் இந்தச் சோதனையைச் செய்கின்றன. மின்ரம்பம் மண்டையை அறுக்கும்போது நுண்துளிகளைக் காற்றில் பறக்கவிடும் என்பதால், இறப்புக்குக் காரணம் தெரியாத விலங்குக்குக் கைரம்பத்தையே பயன்படுத்துங்கள்; முகம் முழுவதையும் மூடும் கவசம் அணியுங்கள். எலும்புச் சில்லு கையுறையைக் கிழித்துவிட்டால், வேலையை அப்படியே விட்டு, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது ஆந்த்ராக்ஸ். க்ரூகர் பூங்காவின் வடபகுதியில் அது மண்ணிலேயே குடியிருக்கிறது. திடீரென இறந்த குடுமான், இம்பாலா, எருமை ஆகியவற்றின் உடலைத் திறந்தால், காற்றுப்பட்ட கிருமிகள் வித்துகளாக மாறி அந்த இடத்தைப் பல பத்தாண்டுகளுக்கு நஞ்சாக்கிவிடும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிவது ஓர் அடையாளம்தான். அது இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. முதலில் காதுச் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். இவை தவிர, கோமாரி நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து பிளவுக் குளம்பு விலங்குகளின் தலையை வெளியே கொண்டுவரச் சிறப்பு அனுமதி வேண்டும். எருமைகளிடம் காசநோய் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் ஆறு மணி நேரம்

இறந்த நேரத்தை எழுதுங்கள். தெரியாவிட்டால், கண்டெடுத்த நேரத்தையும் உடலின் வெப்பத்தையும் எழுதுங்கள். தலையைப் பனிக்கட்டியால் சூழுங்கள். ஆனால் உறைய வைக்காதீர்கள். உறைநிலையில் திசுவுக்குள் பனிப் படிகங்கள் உருவாகி உயிரணுச் சவ்வுகளைக் கிழித்துவிடும். உருகியபின் அந்த மூளை எம்.ஆர்.ஐ.-இல் சல்லடைபோலத் தெரியும். நல்லெண்ணம் கொண்ட பண்ணைக்காரர் ஒருவர், நான் வரும்வரை கெடக் கூடாதே என்று மூன்று இம்பாலாத் தலைகளை இறைச்சி உறைபெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவருக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, எலும்பை மட்டும் சி.டி. எடுத்தேன்.

மூளையை நிலைப்படுத்த, அதாவது சிதையாமல் உறுதியாக்கி வைக்க, இரண்டு வழிகள். எளிதானது, மூளையை எடுத்து ஃபார்மலினில் மூழ்கவைப்பது. பத்து விழுக்காடு ஃபார்மலின் என்று நாம் சொல்வது, கடையில் வரும் 37 முதல் 40 விழுக்காடு வரையுள்ள மூலக்கரைசலில் ஒரு பங்கும், பஃபர் நீரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) ஒன்பது பங்கும் கலந்தது. எனவே அதில் உண்மையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு சுமார் நான்கு விழுக்காடுதான். புதியவர்கள் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு பத்து மடங்கு நீர்த்த கரைசலை மேலும் நீர்க்கச் செய்து, மூளையை ஊறுகாய் ஆக்குவதற்குப் பதிலாக அழுகவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திசுவின் பருமனைப்போல் பத்து முதல் இருபது மடங்கு கரைசல் வேண்டும். மூளையைப் பாத்திரத்தின் அடியில் போட்டால் அதன் எடையிலேயே அடிப்புறம் தட்டையாகிவிடும். அடிமூளை இரத்தக்குழாயின் கீழ் ஒரு நூலைச் செருகி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பெரிய மூளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை நடுப்பகுதியை வெட்டிப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தூசிக்கு அணியும் முகமூடி அதன் ஆவியைத் தடுக்காது, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள்தான் வேலை செய்ய வேண்டும்.

கடினமானதும் சிறந்ததும் இரத்தக்குழாய் வழியாக நிலைப்படுத்துவது. கழுத்தை இயன்றவரை கீழே வெட்டி, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஓடும் கழுத்துத் தமனிகளைத் தேடி, அவற்றில் குழாயைச் செருகிக் கட்டுங்கள். முதலில் குளிர்ந்த 0.9 விழுக்காடு உப்பு நீரைச் செலுத்துங்கள்; கழுத்துச் சிரையிலிருந்து வெளியேறும் நீர் தெளியும்வரை நிறுத்த வேண்டாம். பிறகு நான்கு விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடு. சிறு விலங்கு முழுதாக இருந்தால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த பம்பு தேவையில்லை; கரைசல் பையை விலங்கின் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைத்துவிடும். நாக்கும் காதும் விறைக்கத் தொடங்கினால் கரைசல் சென்று சேர்கிறது என்று பொருள். மான், எருமை, ஒட்டகச்சிவிங்கி போன்ற அசைபோடும் விலங்குகளில் இது மெதுவாகவே நடக்கும். ஏனெனில் அவற்றில் மூளைக்கான இரத்தம் நேரடியாகச் செல்லாமல், மண்டையின் அடியில் நுண்தமனிகளாலான ஒரு வலையின் வழியாகச் செல்கிறது. அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் அந்த வலை வெடித்து, கரைசல் எங்கெங்கோ கசிந்துவிடும்.

மண்டையைத் திறப்பது

எந்த மண்டையைத் திறப்பதற்கு முன்பும் ஒரு எக்ஸ்-ரே அல்லது சி.டி. எடுங்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எலும்பு எங்கே தடித்திருக்கிறது, எங்கே காற்றறை இருக்கிறது என்று தெரியும். கொம்புள்ள விலங்குகளின் நெற்றியில் காற்றறைகள் விரிந்திருக்கும். யானையின் மண்டை எலும்போ தேன்கூட்டைப்போல அறை அறையாகக் காற்று நிறைந்தது, வெளியிலிருந்து பார்ப்பவர் மூளை எங்கே தொடங்குகிறது என்று ஊகிக்கவே முடியாது. இன்னொன்றைப் பின்னால் எம்.ஆர்.ஐ. பகுதியில் சொல்கிறேன்.

வெட்டும்போது, கண்ணுக்குழியின் பின்விளிம்பிலிருந்து பின்மண்டைத் துளை வரை இருபுறமும் கோடு வரைந்துகொண்டு, எலும்பின் முக்கால் ஆழம் மட்டும் ரம்பத்தால் அறுத்து, மீதியை உளியால் நெம்பி எடுங்கள். சிங்கம், சிறுத்தை, நரி போன்ற ஊனுண்ணிகளில் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே எலும்பாலான தடுப்பு உண்டு. மனித உடற்கூற்றியல் புத்தகத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் அது சவ்வு என்று நினைத்து மூளையை இழுப்பார்கள், சிறுமூளை பிய்ந்து தடுப்போடு நின்றுவிடும். அந்த எலும்பைச் சிறு கொறடால் துண்டு துண்டாக ஒடித்து எடுத்த பிறகே மூளையைத் தொட வேண்டும். முன்பக்கம் முகர்குமிழ்கள் மண்டையின் குழிவில் ஆழமாக அமர்ந்திருக்கும். பெரும்பாலான புதியவர்கள் எடுத்துவரும் முதல் மூளையில் அவை இருக்காது. வளை எலியின் முகர்குமிழை அளக்க வந்தவருக்கு அது அழகான தொடக்கமாக அமையாது. வெளியே எடுத்தவுடன், ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே, எடை போடுங்கள். ஃபார்மலினில் மூளையின் எடை மாறும், எனவே இரண்டு எடைகளையும், எது எப்போது எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

திசைச் சொற்களையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நான்கு காலில் நடக்கும் விலங்கில் "முன்", "பின்", "மேல்", "கீழ்" என்ற சொற்கள் மனிதரில் பொருள்படுவதுபோல் பொருள்படா. மூக்குப்பக்கம், வால்பக்கம், முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம் என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. உலகெங்கும் விலங்கு உடற்கூற்றியலாளர்கள் பின்பற்றும் பெயர்த் தொகுதி ஒன்று உண்டு, நாமினா அனட்டாமிகா வெட்டரினாரியா. அதன் பிரதியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்குள்

சி.டி. எலும்புக்கும் பல்லுக்கும் சிறந்தது. மூளையின் உள்விவரத்தை அது அவ்வளவாகக் காட்டாது. சிறு விலங்குகளின் தலையை அயோடினில் ஊறவைத்து நுண் சி.டி. எடுத்தால் மென்திசுக்களும் தெரியும். நுண் சி.டி. வசதி ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்திலும் பெலிண்டாபாவில் அணுசக்திக் கழகமான நெக்ஸாவின் நிலையத்திலும் இருக்கிறது. வெறும் மண்டையோடு மட்டும் இருந்தால், மூளைக்குழியின் கொள்ளளவை சி.டி.-யில் அளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு மண்டைக்குள் கடுகை நிரப்பி, பிறகு அதைக் கொட்டி அளந்தார்கள். கடுகு அமுங்கி ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டுகிறது என்று கண்டு ஈயக் குண்டுகளுக்கு மாறினார்கள். நம் அம்மாக்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஆனால் குழியின் கொள்ளளவு மூளையின் கொள்ளளவு ஆகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உறைகளும் சிரைகளும் நீரும் அதில் பங்கு பெறுகின்றன. மூளையின் பருமன் தெரிந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 1.036 கிராம் என்ற அடர்த்தியால் பெருக்கி எடையைக் கணக்கிடலாம்.

எம்.ஆர்.ஐ.-க்குக் கொண்டுபோகும் முன், மண்டையில் உலோகம் இருக்கிறதா என்று அந்த முதல் எக்ஸ்-ரேயில் பாருங்கள். நான் மேலே சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம் இதுதான். கண்ணிக் கம்பியின் துண்டு, எஃகுச் சன்னம், மயக்க ஊசியின் முனை, அடையாளச் சில்லு ஆகிய எதுவும் காந்தத்துக்குள் அபாயமாகலாம், அல்லது படத்தில் ஒரு கரும்பள்ளத்தை உண்டாக்கி அந்தப் பகுதியை விழுங்கிவிடலாம். இந்நாட்டுக் காட்டு விலங்குகளில் இது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

நிலைப்படுத்திய மூளையைப் படமெடுக்கும் முன், ஃபார்மலினை வெளியேற்றப் பாஸ்பேட் பஃபரில் நாள்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருங்கள். ஃபார்மலின் திசுவின் டி2 நேரத்தை (எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மங்க எடுக்கும் நேரத்தை) குறைத்து, சமிக்ஞையை மங்கச் செய்யும். பிறகு மூளையை இறுக்கமான பாத்திரத்தில் வைத்து, ஹைட்ரஜன் இல்லாத புளோரின் எண்ணெயால் நிரப்பினால் சுற்றுப்புறம் கருப்பாகவும் மூளை மட்டும் தெளிவாகவும் தெரியும். எண்ணெயின் விலை கட்டுப்படியாகாதவர்கள் பஃபரிலேயே எடுக்கலாம். எதில் எடுத்தாலும் மடிப்புகளுக்குள் சிக்கியுள்ள காற்றுக் குமிழிகளை வெற்றிடப் பம்பு கொண்டு நீக்குங்கள். ஒரு குமிழி ஒரு கட்டியைப்போலத் தோன்றிப் பல மணிநேரம் விவாதத்தை உண்டாக்கும். டாசி அளவுள்ள மூளைக்கு, சமிக்ஞையைப் பிடிக்கும் சுருள்களில் தலைக்கானதைப் பயன்படுத்தாதீர்கள். மணிக்கட்டுச் சுருளில் வைத்தால் சமிக்ஞை பன்மடங்கு கூடும். இறந்த திசு அசையாது, மூச்சுவிடாது, ஆகவே மருத்துவமனைக் கருவி இரவில் ஓய்ந்திருக்கும்போது எட்டு மணிநேரம் தொடர்ந்து எடுத்து, அதை உங்கள் பலமாக்கிக்கொள்ளலாம். நார்ப்பாதைப் படம் எடுப்பதாக இருந்தால், இறந்த திசுவில் நீரின் பரவல் குறைவு என்பதால், உயிருள்ள நோயாளிக்கு வைக்கும் பி மதிப்பைவிட (நீரின் பரவலைப் படம் எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்ற அமைப்பைவிட) மிக உயர்ந்ததை வைக்க வேண்டும்.

உயிருள்ள விலங்கைப் படமெடுப்பது வேறு கலை. அது பதிவு பெற்ற விலங்கு மருத்துவரின் பொறுப்பு. அடைப்பில் வளரும் சிங்கங்களுக்கு வைட்டமின் ஏ குறைவால் பின்மண்டை எலும்பு தடித்துச் சிறுமூளையை நெருக்கும் நோய் வருவதுண்டு; தலை சாய்ந்து தள்ளாடும் குட்டியை எம்.ஆர்.ஐ.-இல் வைத்தால் அது தெளிவாகத் தெரியும். மேசை எவ்வளவு எடை தாங்கும், கருவியின் துளை எத்தனை சென்டிமீட்டர், மயக்க மருந்துக் கருவி காந்தத்துக்கு உகந்ததா என்பதை விலங்கு வரும் முன் கேட்டு எழுதி வைப்பதே அங்கே புதியவர் செய்யக்கூடிய உதவி.

இடமும் வலமும்

இந்தத் துறையில் மிக அதிகம் நடப்பதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான பிழை இது. மருத்துவமனைக் கருவி, தனக்குள் படுத்திருப்பது மல்லாந்த மனிதர் என்று நம்புகிறது. நீங்கள் குப்புறப் படுக்கவைத்த விலங்கையோ, தலைகீழாக வைத்த மூளையையோ படமெடுத்தால், கருவி போடும் "இடம்", "வலம்" என்ற குறிகள் தவறாகிவிடும். கோப்பை, கருவி தரும் டைகாம் வடிவத்திலிருந்து மூளைப்பட ஆய்வுக்கான நிஃப்டி வடிவத்துக்கு மாற்றும்போது அந்தத் தவறு நிரந்தரமாகிவிடும். சமச்சீரான மூளையில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் பதினொரு மூளைகளின் இடவலம் ஓராண்டு கழித்துத்தான் மாறியிருப்பது தெரிந்தது. அளவுகள் அனைத்தையும் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை எப்போதும் வலது பக்கத்தில் ஒட்டிவைத்துத்தான் படமெடுக்கிறேன். கொழுப்பு எம்.ஆர்.ஐ.-இல் பளிச்சென்று தெரியும். இரண்டு ரேண்ட் செலவில் ஓராண்டு வேலை காப்பாற்றப்படும்.

படங்களைப் பிரித்து அளக்க 3டி ஸ்லைசர், ஐ.டி.கே.-ஸ்னாப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். மனித மூளைக்கு எழுதப்பட்ட தானியங்கிக் கருவிகளை நம்பாதீர்கள். டாசியின் முகர்குமிழை அவை மூக்கென்று வெட்டி எறிந்துவிடும். கையாலேயே, ஒரு துண்டுக்குப் பின் ஒரு துண்டாக, எல்லை வரையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மூளையை, முதலில் வரைந்ததைப் பார்க்காமல், மறுபடியும் வரையுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நீங்கள் இரண்டு இனங்களுக்கிடையே கண்டுபிடித்ததாக நினைக்கும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், இன்னும் சில வாரங்கள் பழக வேண்டியிருக்கிறது என்று பொருள்.

படம் முடிந்ததும் மூளையைத் தூக்கி எறியக் கூடாது. 30 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் அமிழும்வரை வைத்து, உறைதடுப்புக் கரைசலில் மைனஸ் 20 பாகையில் சேமித்தால், பல ஆண்டுகள் கழித்தும் அதை மெல்லிய துண்டுகளாக அறுத்துச் சாயமேற்றலாம். மண்டையோட்டையும் மாதிரி எண்ணோடு பிரிட்டோரியாவின் டிட்சாங் அருங்காட்சியகம் போன்ற ஒரு பொதுத் தொகுப்புக்கு வழங்கிவிடுங்கள். சீட்டை எப்போதும் பென்சிலால் எழுதிப் பாத்திரத்துக்கு உள்ளே போடுங்கள். மூடியின் மேல் பேனாவால் எழுதியது ஃபார்மலின் ஆவியில் ஓராண்டுக்குள் அழிந்துவிடும், மூடிகளோ இடம் மாறிவிடும்.